இணையவழிக் கல்விக்குத் தமிழ்ச்சொல் வந்த வரலாறு

புதிய கருவி ஒன்று ஒரு நாட்டுக்கு வந்து சேரும்போது, அதற்குரிய சொல்லும் உடன் வந்து சேர்வதில்லை. கருவி கப்பலேறி வந்துவிடும். சொல்லை மக்கள் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆக்கிக்கொள்ளாதவர்கள் கருவியோடு ஒட்டி வந்த அயற்சொல்லையே வழங்குவர். அச்சுப்பொறி, தொடர்வண்டி, வானொலி, தொலைக்காட்சி என ஒவ்வொன்றும் நம்மிடையே வந்தபோது தமிழ் இந்தத் தேர்வை எதிர்கொண்டது. நம் காலத்தில் கணினியும் இணையமும் அதே தேர்வைக் கொண்டுவந்தன.

இத்தேர்வு, தொலைவிலிருந்து கற்கும் மாணவர்க்குப் பிறரினும் கடினமானது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒரு சொல்லை அறியாவிடினும், ஆசிரியரின் முகத்தையும் கையசைவையும் கண்டு பொருளை உய்த்துணர்ந்துகொள்வான். அருகிலிருக்கும் தோழனைக் கேட்பான். தொலைக்கல்வி மாணவனுக்கு இவ்வாய்ப்புகள் இல்லை. அவன்முன் இருப்பது திரை; திரையில் இருப்பது சொல். அச்சொல் விளங்கவில்லையெனில் அவனால் அடுத்த படிக்குச் செல்ல இயலாது. எனவே, கணினிக்கும் இணையவழிக் கல்விக்கும் உரிய அடிப்படைச் சொற்கள் தமிழில் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவை நிலைத்தன, ஏன் நிலைத்தன என்பதை ஆராய்வது தமிழாசிரியர்க்கு இன்றியமையாத கடமையாகின்றது.

அஞ்சல் காலத்துக் கல்வி

தொலைக்கல்வி கணினியோடு பிறந்ததன்று. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பெற்று, 1971இல் முதல் அணி மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. அதே 1971ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வளாகத்திற்கு வெளியே இருந்தவாறே பட்டப்படிப்பை மேற்கொள்ளும் திட்டத்தை நம் நாட்டில் தொடங்கி வைத்தது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொலைக்கல்விக்கெனத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின. பணியைத் துறக்காமல் மேற்படிப்பை விரும்பிய ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் இவை கதவு திறந்தன.

அக்காலத்துத் தொலைக்கல்வி மாணவர்க்குத் தேவைப்பட்ட சொற்கள் மிகச் சிலவே. அஞ்சல், முகவரி, பதிவு, பாடநூல், ஒப்படைப்பு, விடைத்தாள் ஆகியவற்றை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர். ஊரிலிருந்த அஞ்சல் நிலையமே அவர்களுடைய பல்கலைக்கழக வாயில். ஆதலால் கல்வியின் வழி புதிதாயினும் அதன் சொற்கள் பழையனவாகவே இருந்தன.

இச்சொற்களுட் பல பின்னாளில் கணினிக்கும் குடிபெயர்ந்தன என்பது நோக்கத்தக்கது. அஞ்சல் என்பது மின்னஞ்சல் ஆயிற்று. முகவரி என்னும் சொல் இணையத்தள முகவரிக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் பொருந்தியது. அலுவலகத் தாள்களைக் கோத்து வைத்த கோப்பு, கணினியின் உள்ளே சேமிக்கப்படும் ஆவணத்திற்குப் பெயராயிற்று. ஏட்டின் பக்கம் இணையப் பக்கம் ஆனது. புதுச்சொல் என்று நாம் மலைக்கின்றவற்றுட் பாதி, பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டிற்குச் சென்ற சொற்களே. இவ்வுண்மையை மாணவர்க்கு முதல் நாளிலேயே எடுத்துரைத்தால் அவர்களுடைய அச்சத்திற் பாதி நீங்கிவிடும்.

சொல்லாக்கத்தின் முன்னோடிகள்

அறிவியலுக்குத் தமிழில் சொல் காணும் முயற்சி கணினிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதன்பொருட்டு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்ததோடு, கலைச்சொல் தொகுதிகளையும் உருவாக்கினார். 1916ஆம் ஆண்டில் இராசாசி சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1930களில் சென்னை மாகாணத் தமிழர் சங்கம் இப்பணியை மேற்கொண்டபோது விபுலானந்த அடிகள் அதற்குத் துணைநின்றார். அதன் பயனாகக் கலைச்சொல் தொகுதி 1938இல் வெளிவந்தது.

இம்முன்னோடிகளின் வரலாறு நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. கிறீன் சொற்களைத் தொகுத்ததோடு நில்லாமல் மாணவர்க்கு அவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார். வகுப்பறையில் புழங்கிய சொல் வாழும். பட்டியலில் மட்டும் படிந்த சொல் உறங்கும். சொல்லை ஆக்குவோர் அறிஞராக இருக்கலாம். அதற்கு உயிரூட்டுவோர் ஆசிரியரே.

கணினி என்னும் பெயர்

தொடக்கத்தில் தமிழர் அனைவரும் கம்ப்யூட்டர் என்றே வழங்கினர். பின்னர்க் கணிப்பொறி, கணிப்பான், கணினி முதலான பெயர்கள் தோன்றின. தமிழகத்தின் மேல்நிலைப் பாடநூல்கள் நெடுங்காலம் கணிப்பொறி அறிவியல் என்றே வழங்கிப் பின்னர்க் கணினி அறிவியலுக்கு மாறின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கணினி என்னும் பெயரே வேரூன்றியது.

மூன்றும் கணித்தல் என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவையே. எனினும் கணினி வென்றதற்குக் காரணம் உண்டு. அது சுருக்கமானது. பிற சொற்களோடு எளிதிற் சேர்வது. மடிக்கணினி, கணினிக்கூடம், கணினிக் கல்வி எனப் புதுச்சொற்கள் தடையின்றிப் பிறக்கின்றன. பொறி என்னும் உறுப்பைச் சுமந்துகொண்டு இவ்வாறு பெருகுவது கடினம். மேலும், காலத்தைக் கணித்தவரைக் கணியன் என்று பண்டைத் தமிழர் வழங்கியதைச் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பெயரால் நாம் அறிவோம். பழைய சொற்குடும்பத்திற் பிறந்த பிள்ளையாதலின் கணினி அயலாகத் தோன்றவில்லை.

இணையம் பிறந்த சிங்கை

கணினியில் தமிழ் எழுத்தைக் காண்பதற்கு முதலில் உழைத்தவர்களுள் நம் நாட்டவர் முன்வரிசையில் உள்ளனர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அஞ்சல் என்னும் பெயரும் அதனோடு பின்னர் இணைந்தது. கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப வழிசெய்த செல்லினம் என்னும் அவரது செயலி, 2005ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ஆற்றிய தொண்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. சிறுகதை எழுத்தாளராகவும் ஆசிரியக் கல்வி விரிவுரையாளராகவும் விளங்கிய அவர், கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் தொடங்கப்பெற்றபோது, தமிழ்க் கவிதைகள் அதில் இடம்பெற உழைத்தவர் அவரே. இணையம் என்னும் சொல்லை ஆக்கித் தந்த பெருமையும் அவருக்கே உரியதென்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தந்த சொல்லோ இன்று தமிழ் வழங்கும் நாடுகள் அனைத்திலும் வாழ்கின்றது.

இணையம் என்னும் சொல்லின் அமைப்பை மாணவர்க்கு விளக்குவது பயன்தரும். இணை என்பது வினையடி. அம் என்பது விகுதி. இணைதல், இணைத்தல், இணைப்பு, இணையத்தளம், இணையவழி என ஒரு குடும்பமே அதனின்று கிளைக்கின்றது. வைய விரிவு வலை என்ற நீண்ட தொடரும் அக்காலத்தில் வழங்கியது. அது பொருளால் செம்மையானதே; ஆயினும் அன்றாடப் பேச்சில் நிலைபெறவில்லை. சொல் சுருங்கியும் பொருள் விளங்கியும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

மாநாடுகளும் கல்விக்கழகமும்

1997ஆம் ஆண்டு மே திங்களில் நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீ ஆகியோரின் முயற்சியால் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. இரண்டாவது மாநாடு 1999இல் சென்னையில் நடைபெற்றது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மீண்டும் கூடியபோது உத்தமம் என்று சுருங்க வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001இல் கோலாலம்பூர் இம்மாநாட்டை ஏற்று நடத்திற்று. எழுத்துருக் குறியீடு, விசைப்பலகை ஆகியவற்றோடு கலைச்சொல்லும் உத்தமத்தின் பணிக்குழுக்கள் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்றாயிற்று.

சென்னை மாநாட்டின் விளைவுகளுள் தொலைக்கல்விக்கு மிக நெருங்கியது தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அது செயற்படத் தொடங்கிற்று. உலகெங்கும் பரவி வாழும் தமிழர்க்கு மொழியையும் இலக்கியத்தையும் பண்பாட்டையும் இணையத்தின் வழியே கற்பிப்பது அதன் நோக்கம். 2010இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் தொடக்ககாலத் தலைவராக விளங்கியவர் அறிஞர் வா. செ. குழந்தைசாமி. அவர் முன்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். அஞ்சல் காலத்துத் தொலைக்கல்வியும் இணையக் காலத்துத் தொலைக்கல்வியும் அவர் ஒருவரிடத்திலேயே கைகோத்தன எனலாம்.

நம் நாட்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலும், பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டிலும் நிறுவப்பெற்றன. பணியிலிருந்தவாறே கற்ற நம் ஆசிரியர்கள், அஞ்சல் நிலையத்தை விட்டுத் திரைக்கு வந்து சேர்ந்த காலம் இதுவே.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர்

ஆன்லைன் என்னும் சொல்லுக்குத் தமிழ்கூறும் நாடுகள் வெவ்வேறு பெயர்களைக் கண்டன. தமிழகத்தில் இணையவழி என்பது பெருவழக்கு. மலேசியாவில் இயங்கலை என்பது ஏடுகளிலும் பள்ளிகளிலும் வழங்குகின்றது. இலங்கையில் நிகழ்நிலை என்பர். 2024ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறிய சட்டம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றே பெயர் பெற்றுள்ளது.

இவற்றுள் எது சிறந்தது என்று பூசலிடுவதனாற் பயனில்லை. ஒவ்வொன்றும் பொருளின் ஒரு பகுதியை நன்கு காட்டுகின்றது. இணையவழி என்பது எதன் வாயிலாக என்பதை உணர்த்துகின்றது. இயங்கலை என்பது தொடர்பு உயிரோடு இயங்கிக்கொண்டிருப்பதைச் சுட்டுகின்றது. நிகழ்நிலை என்பது அப்பொழுதே நிகழ்வதைக் குறிக்கின்றது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் எனத் தொல்காப்பியர் தனி வகையாக வைத்து ஏற்றுக்கொண்டார். கடல் கடந்த இத்திசைச்சொற்களையும் நாம் அவ்வாறே ஏற்கலாம்.

எனினும் புதிய மாணவனின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். பள்ளியில் இயங்கலை என்று பயின்றவன், தமிழகத்துப் பாடத்தில் இணையவழி என்றும், இலங்கை நூலில் நிகழ்நிலை என்றும் காணும்போது மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என மயங்குவான். ஆகவே ஆசிரியர் தம் வகுப்பில் ஒரு சொல்லையே நிலையாக ஆளவேண்டும். மற்ற இரண்டையும் ஒருமுறையேனும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஆள்வதற்கு ஒன்று, அறிவதற்கு மூன்று என்பதே முறை.

நம் மாணவர்க்கு இன்னுமொரு சுமையும் உண்டு. அவர்கள் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழியிலும் இச்சொற்களைச் சந்திக்கின்றனர். இதனைச் சுமையாகக் கருதாமல் துணையாகக் கொள்ளலாம். பாஸ்வேர்டை மலாயில் கத்தா லாலுவான் என்பர். கத்தா என்பது சொல், லாலுவான் என்பது கடந்து செல்லும் வழி. தமிழில் கடவுச்சொல் என்கின்றோம். கடவு என்பதும் கடக்கும் வழியே. டவுன்லோடு என்பதை மலாயில் மூவாட் தூரூன் என்பர். ஏற்றுதல், இறங்குதல் என்னும் இரு கருத்துகளும் அதில் உள்ளன. தமிழிலோ பதிவிறக்கம். 1956இல் தோன்றிய டேவான் பகாசா டான் புஸ்தாகா மலாய்மொழியின் கலைச்சொல் வளத்திற்கு எத்துணை ஊன்றி உழைத்தது என்பதை நாம் அறிவோம். அண்டை மொழியினர் தம் சொந்த வேர்களைக் கொண்டு புதுச்சொல் ஆக்கிப் பள்ளிதோறும் வழங்கும்போது, நாம் மட்டும் நமக்கு இயலாதெனச் சோர்வது தகுமா?

2020ஆம் ஆண்டின் சோதனை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் நாள் முதல் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கலாயினர். அதுவரை சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த தொலைக்கல்வி ஒரே நாளில் ஏழு வயதுக் குழந்தைக்கும் உரியதாயிற்று. ஆசிரியர்களும் பெற்றோர்களுமே புதிய மாணவர்களாயினர்.

அக்காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எதிர்கொண்ட இடர்களுள் கருவிப் பற்றாக்குறையும் இணைப்புக் குறைவும் முதன்மையானவை. இவற்றிற்கு அடுத்து நின்றது சொல்லிடர். இணைப்பைத் தொட்டு உள்ளே வாருங்கள் என்று புலனத்தில் எழுதி அனுப்பினால், இணைப்பு என்றால் மின்கம்பியா என்று கேட்ட பாட்டிமார் உண்டு. கோப்பைப் பதிவேற்றுங்கள் என்றால் கோப்பையை எங்கே ஏற்றுவது என்று குழம்பிய சிறுவரும் உண்டு. இவை நகைப்பதற்குரியன அல்ல. அந்தப் பாட்டி பேரனைத் தமிழ் வகுப்பில் அமர்த்த முயன்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மொழி தமிழ். ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தால் அவர் கேள்வியே கேட்டிருக்கமாட்டார். பேரனும் வகுப்பிற்கு வந்திருக்கமாட்டான். தமிழ்ச்சொல் இருந்ததனால்தான் ஐயமும் எழுந்தது, விளக்கமும் கிடைத்தது.

புதிய மாணவர்க்குரிய சொற்கள்

அடிப்படைச் சொற்களை அகரவரிசையிற் கொடுத்து மனப்பாடம் செய்விப்பதைக் காட்டிலும், செயலின் வரிசையில் கற்பித்தலே நன்று. மாணவன் முதலில் திரையைக் காண்கின்றான், விசைப்பலகையில் எழுதுகின்றான், சுட்டியை நகர்த்துகின்றான். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைப் பயின்ற மாணவனுக்குச் சுட்டி என்பது ஒரு பொருளைச் சுட்டிக்காட்டும் கருவி என்று கூறினால் அக்கணமே விளங்கும். சில தளங்களில் இணைப்பையும் சுட்டி என்பர். இம்மயக்கத்தைத் தவிர்க்க, கருவிக்குச் சுட்டி என்றும், தொட்டால் வேறு பக்கத்திற்கு இட்டுச்செல்வதற்கு இணைப்பு என்றும் வரையறுத்துக் கொள்ளல் வேண்டும்.

அடுத்து அவன் உலாவியைத் திறக்கின்றான். தலைவன் வீதியிற் பவனி வருதலைப் பாடும் உலா என்னும் சிற்றிலக்கியத்தை நினைவூட்டி, இணைய வீதியில் நாம் உலாவுவதற்கு உதவுவது உலாவி எனலாம். தேடுபொறியில் வேண்டியதைத் தேடுகின்றான். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுக் கல்வித்தளத்தினுள் நுழைகின்றான். மறைச்சொல் என்பதும் கடவுச்சொல்லையே குறிக்கும். அதனைப் பிறரிடம் கூறலாகாது என்னும் எச்சரிக்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

உள்ளே சென்றபின் நேரலை வகுப்பு, பதிவு வகுப்பு என்னும் இரண்டின் வேறுபாட்டை அவன் அறிதல் வேண்டும். முன்னதில் ஆசிரியரிடம் உடனே வினவலாம். பின்னதை வேண்டியபோது வேண்டியமட்டும் கேட்கலாம். பாடக்குறிப்பைத் தன் கணினிக்குக் கொண்டுவருவது பதிவிறக்கம். தான் எழுதிய இடுபணியைத் தளத்திற்கு அனுப்புவது பதிவேற்றம். இறக்கம் நம்மை நோக்கி வருவது, ஏற்றம் நம்மிடமிருந்து செல்வது என்று ஒருமுறை காட்டிவிட்டால் அவன் மறவான். எழுதியதைச் சேமித்தல், கோப்புக்குப் பெயரிடுதல், கோப்புறையில் வைத்தல், இறுதியில் வெளியேறுதல் ஆகியவற்றோடு முதற்பாடம் நிறைவுறும். இவ்வாறு எண்ணிப்பார்த்தால் ஏறத்தாழ 20 சொற்களே ஒரு புதிய மாணவனைத் தொடக்கத் தடையிலிருந்து கடத்திவிடப் போதுமானவை.

இவற்றோடு சூம், கூகல் போன்ற நிறுவனப் பெயர்களை அவ்வாறே வழங்குவதில் இழுக்கில்லை. அவை பெயர்கள், ஆட்பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை அன்றோ! வாட்சாப் என்பதைப் புலனம் என்று நம் நாட்டில் வழங்குகின்றோம். விளங்குமிடத்து அதனை ஆளலாம், விளங்காத இடத்து இரண்டையும் கூறலாம். ஆனால் செயலைக் குறிக்கும் சொல் தமிழாகவே இருத்தல் வேண்டும். பெயர் விருந்தாளியாக வரலாம். வினை வீட்டுக்காரனாக இருக்கவேண்டும். டவுன்லோடு பண்ணி, அப்லோடு பண்ணி, சப்மிட் பண்ணி என்று பேசும்போது தமிழுக்கு எஞ்சுவது பண்ணி என்னும் ஒற்றைச் சொல்லே. வினைகளை இழந்த மொழி நடக்கும் ஆற்றலையும் இழந்துவிடும்.

ஆசிரியர் கடமை

தமிழ்ப்பள்ளியில் தமிழைக் கற்பிக்கின்றோம் என்பது உண்மை. ஆனால் தமிழால் பிறவற்றைக் கற்பிக்க இயலுமா என்பதே நம் தலைமுறை விடையிறுக்க வேண்டிய வினா. கணினி, இணையம், கல்வித்தளம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டியபோதெல்லாம் ஆசிரியரே தமிழை விட்டு விலகினால், தமிழ் பாடவேளைக்கு மட்டும் உரிய மொழி என்று மாணவர் முடிவுகட்டிவிடுவர். அம்முடிவை எந்த மாநாட்டாலும் எந்த அகராதியாலும் பின்னர் மாற்றுதல் அரிது.

ஆகவே பயிற்சி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்றைப் பரிந்துரைக்கின்றேன். முதலாவது, பள்ளி தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் அறிவிப்புகளில் ஆளும் கணினிச் சொற்களை ஒருமைப்படுத்துதல் வேண்டும். வகுப்புக்கு ஒரு சொல் என்றிருப்பது குழந்தைகளைக் குழப்பும். இரண்டாவது, ஒவ்வொரு புதுச்சொல்லையும் அதன் வேரோடும் அதற்குரிய செயலோடும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, பெற்றோர்க்கு அனுப்பும் குறிப்புகளை முதலில் ஒரு முதியவரிடம் படித்துக்காட்டி, அவருக்கு விளங்கியபின் அனுப்புதல் வேண்டும்.

மானிப்பாயில் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தபோது அவர் கையில் நிறைவான அகராதி இருக்கவில்லை. இணையம் என்னும் சொல் பிறந்தபோது அதற்குப் பின்னே அரசாணை எதுவும் நிற்கவில்லை. தேவை இருந்தது, கற்பிக்கும் உள்ளம் இருந்தது, அதனால் சொல் பிறந்தது. இன்று நமக்குச் சொற்களும் உள்ளன, எழுதுவதற்குக் கருவியும் உள்ளது. நாளைக் காலையில் திரையின்முன் தனியே அமரப்போகும் புதிய மாணவனுக்கு அச்சொற்களை எடுத்துக் கொடுக்கும் பணி ஒன்றே எஞ்சியுள்ளது. அது நம் பணி.